கணக்கேட்டை மூடினார்; கலைக்கூடம் திறந்தார்!

திரேஸ்புரத்துக் கரையில் தோணி தள்ளும் தோழரைக் கேளுங்கள். பாட்டு எதற்கு என்று கேளுங்கள். சிரிப்பார். பத்துப் பேர் தோள் ஒரே நொடியில் சேர்ந்து தள்ளினால்தான் தோணி நகரும். பத்துத் தோளையும் ஒன்றாக்குவது எது? அம்பாப் பாட்டு! வலை இழுப்பவருக்கும் அதுதான். சுமை தூக்குபவருக்கும் அதுதான். உழைப்பவன் வாழ்விலே பாட்டு அலங்காரமல்ல. அது ஒரு கருவி. துடுப்பைப் போல, பாயைப் போல, பாட்டும் ஒரு கருவி.

ஆனால் அந்தப் பாட்டையே முறையாகக் கற்க வேண்டுமென்று உழைப்பவன் வீட்டுப் பிள்ளை ஆசைப்பட்டால்? எங்கே போவான்? யார் சொல்லிக் கொடுப்பார்? சம்பளம் எவ்வளவு கேட்பார்? அங்கேதான் கதவு அடைபடுகிறது. சங்கீதம் சபைக்குப் போய்விட்டது. சபை சீமான்களிடம் போய்விட்டது. கடற்கரைக் குப்பத்துச் சிறுவனும் உப்பளத் தெருச் சிறுவனும் வாசலுக்கு வெளியே நின்று கேட்டுவிட்டுத் திரும்புகிறார்கள்.

இந்தக் கதவை நூறாண்டுக்கு முன்னே தட்டித் திறந்தவர் ஒருவர் உண்டு. எங்கோ பிறந்தவரல்லர், இந்த மண்ணிலே பிறந்தவர். தூத்துக்குடி உப்புக் காற்றைச் சுவாசித்தவர். உப்புப் பண்டகசாலையிலே கணக்கெழுதி வயிறு வளர்த்தவர். தமிழ் நாடக உலகம் தலைமை ஆசிரியர் என்று தலைமேல் வைத்துப் போற்றும் தவத்திரு சங்கரதாஸ் சுவாமிகள்தாம் அவர்!

உப்புக் கணக்கர்

தூத்துக்குடிக்கு அருகே காட்டுநாயக்கன்பட்டி என்று ஒரு சிற்றூர். கரிசல் காடு. மழையை நம்பிய மக்கள். அங்கே 1867 ஆம் ஆண்டு செப்டம்பர் 7 ஆம் நாள் ஓர் ஆண் மகவு பிறந்தது. தந்தை தாமோதரத் தேவர்; தாய் பேச்சியம்மாள். சங்கரன் என்று பெயரிட்டார்கள். தந்தை தமிழ் படித்தவர். இராமாயணம் சொல்வதில் வல்லவர் என்று ஊரார் புகழ்ந்த புலவர். பிள்ளைக்கு முதல் பள்ளிக்கூடம் வீடு. முதல் வாத்தியார் தந்தை. பிறகு, அந்நாளில் தமிழகம் முழுதும் பெயர் பெற்ற தண்டபாணி சுவாமிகளிடம் தமிழ் பயின்றார். வெண்பாவும் கலித்துறையும் இளம் வயதிலேயே அவருக்குக் கைவந்தன.

இந்த மண்ணைச் சற்று எண்ணிப் பாருங்கள். ஐந்தாண்டு கழித்து, 1872 இல், பக்கத்திலுள்ள ஒட்டப்பிடாரத்தில் வ.உ.சிதம்பரனார் பிறக்கிறார். பத்தாண்டு கழித்து, 1882 இல், எட்டயபுரத்தில் பாரதி பிறக்கிறார். ஒருவர் கடலில் கப்பல் விட்டார். ஒருவர் கவிதையில் தீ மூட்டினார். மூத்தவரான சங்கரதாஸ் என்ன செய்தார்? எழுதப் படிக்கத் தெரியாத கூட்டத்துக்கு முன்னே தமிழைக் கொண்டுவந்து நிறுத்தினார். மூன்று பணியும் மூன்று வழி, மண் ஒன்று.

ஆனால் தமிழ் சோறு போட்டதா? இல்லை. புலமை இருந்தது, பிழைப்பு இல்லை. தூத்துக்குடி வந்து உப்புப் பண்டகசாலையிலே கணக்கர் வேலையில் அமர்ந்தார். உப்பு அந்நாளில் வெள்ளையரசின் கருவூலத்துக்கு வருவாய் சுரந்த பண்டம். பாத்தியில் கால் வெந்து உப்பு வாரியவன் கையில் கூலிக்காசு. கஞ்சியில் போடும் உப்புக்கோ அரசாங்க வரி! அந்த உப்பின் கணக்கை ஏட்டில் ஏற்றுவதே அவர் வேலை. பகலிலே மூட்டைக் கணக்கு. நெஞ்சிலே சந்தக் கணக்கு. எத்தனை நாள் தாங்கும்?

1891 ஆம் ஆண்டு, 24 வயதில், கணக்கேட்டை மூடினார். நாடக உலகில் புகுந்தார்.

எமனாக வந்தவர்

இன்று இதை எளிதாகச் சொல்லிவிடுகிறோம். அன்று நாடகம் என்றால் என்ன பெயர்? கூத்தாடி என்று பெயர். கூத்தாடிக்குப் பெண் கொடுக்க மாட்டார்கள். குடியிருக்க வீடு கொடுக்க மாட்டார்கள். நாடகம் பார்க்க மட்டும் விடிய விடிய உட்கார்ந்திருப்பார்கள்! மாதச் சம்பளம் தரும் கணக்கர் வேலையை விட்டுவிட்டு அந்தப் பழிக்குள் ஒருவர் காலெடுத்து வைத்தார் என்றால், கலை அவரை எப்படிப் பிடித்து ஆட்டியிருக்க வேண்டும்!

அதே 1891 ஆம் ஆண்டில் சென்னையிலும் ஒரு நிகழ்ச்சி நடந்தது. பம்மல் சம்பந்த முதலியார் சுகுண விலாச சபையைத் தொடங்கினார். அது படித்தவர்களின் சபை. வக்கீல்களும் உத்தியோகஸ்தர்களும் ஊதியம் வாங்காமல், ஓய்வு நேரத்தில், கலைக்காக நடித்த சபை. கூத்தாடி என்ற பழியைத் துடைக்க அந்தச் சபை ஆற்றிய தொண்டு பெரிது, மறுப்பவர் இல்லை. ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது. ஓய்வு நேரம் உள்ளவனுக்குத்தான் அந்த வாசல் திறந்தது. ஓய்வே இல்லாதவனுக்கு? அன்றாடம் காய்ச்சிக்கு? அவனுக்கு வாசல் திறந்தவர் தெற்கேயிருந்து வர வேண்டியிருந்தது.

சாமி நாயுடு என்பவரின் நாடக சபையில் சங்கரதாஸ் நடிகராகவும் ஆசிரியராகவும் இருந்தார். இரணியன், இராவணன், எமன், சனீஸ்வரன் — எல்லாம் அச்சமூட்டும் வேடங்கள். ஆள் வாட்டசாட்டம், குரல் இடி. அந்தக் காலத்தில் நடந்ததாக நாடக உலகம் வழிவழியாகச் சொல்லிவரும் நிகழ்ச்சி ஒன்று உண்டு. சனீஸ்வரன் வேடம் போட்டு விடியும்வரை நடித்துவிட்டு, வேடத்தைக் கலைக்க விடியற்காலையில் நீர்நிலைக்குப் போனாராம். அரையிருட்டில் எதிரே வந்த பெண்ணொருத்தி அந்தக் கோலத்தைக் கண்டு அலறி விழுந்தாளாம்; விழுந்தவள் எழவில்லையாம். அன்றோடு வேடம் போடுவதை விட்டார் என்பது வரலாறாகச் சொல்லப்படுகிறது.

வேடத்தை விட்டவர், சிறிது காலம் ஊர் ஊராகக் கோயில் கோயிலாகத் திரிந்தார். திருமணம் செய்துகொள்ளவில்லை. காவி உடுத்தார். சங்கரதாஸ், சங்கரதாஸ் சுவாமிகள் ஆனார். புதுக்கோட்டையில் மான்பூண்டியாப் பிள்ளை என்ற பெரியவர் இருந்தார். கஞ்சிரா என்ற வாத்தியத்தைக் கச்சேரி மேடையில் உட்காரவைத்த லயச் சக்கரவர்த்தி அவர். சுவாமிகளைத் தம் பிள்ளைபோல் வைத்துப் பேணினார். தாளத்தின் நுட்பமெல்லாம் சுவாமிகளுக்கு அங்கே வசமாயின. தந்தை தமிழ் தந்தார். பிள்ளை அவர்கள் தாளம் தந்தார். இரண்டும் சேர்ந்த இடத்தில் நாடக ஆசிரியர் பிறந்தார்.

பாட்டாலே கட்டிய பள்ளிக்கூடம்

பிறகு வந்த ஆண்டுகளில் சுவாமிகள் பாடம் சொல்லாத கம்பெனி இல்லை என்று சொல்லுமளவுக்கு அவர் பெயர் பரவியது. வள்ளி வைத்தியநாதய்யர் கம்பெனி, அல்லி பரமேசுவரய்யர் கம்பெனி, வேலு நாயர் கம்பெனி — எங்கும் சுவாமிகளே வாத்தியார். 1910 ஆம் ஆண்டில் சமரச சன்மார்க்க நாடக சபையைத் தாமே தோற்றுவித்தார். பின்னாளில் தம் குரலால் தமிழ்நாட்டையே கட்டியாண்ட செங்கோட்டை கிட்டப்பா, சின்னஞ்சிறு பிள்ளையாக இருந்தபோது சுவாமிகளிடம் பயிற்சி பெற்றவர்தாம்.

எத்தனை நாடகங்கள் எழுதினார்! வள்ளி திருமணம், பவளக்கொடி, சத்தியவான் சாவித்திரி, கோவலன், நல்லதங்காள், அல்லி அர்ச்சுனா, பிரகலாதன், இலவகுசா, மணிமேகலை. வடமொழியிலிருந்து மிருச்சகடிகத்தைக் கொண்டுவந்தார். ஆங்கிலத்து ஷேக்ஸ்பியரின் சிம்பலைனையும் ரோமியோ ஜூலியத்தையும் தமிழ் மேடைக்கு மாற்றினார். மொத்தம் 40 நாடகங்களுக்கு மேல் என்பர். அச்சேறி நம் கைக்குக் கிடைத்தவை அதில் பாதிகூட இல்லை. பாடம் வாயிலிருந்து வாய்க்குப் போன காலம் அது. வாய் மூடியபோது நாடகமும் மறைந்தது.

இந்த நாடகங்களில் கடவுளும் புராணமும்தானே நிறைந்திருக்கின்றன, தொழிலாளிக்கு இதில் என்ன என்று கேட்கும் தோழரும் உண்டு. நியாயமான கேள்வி. விடை சொல்லுவோம்.

அன்று சென்னை மாகாணத்தில் எழுதப் படிக்கத் தெரிந்தவர் நூற்றுக்குப் பத்துப் பேருக்கும் குறைவு. மிச்சம் தொண்ணூறு பேருக்குத் தமிழ் இலக்கியம் என்றால் என்ன? திருக்குறள் இருந்தது, அவர்கள் கையில் இல்லை. நாலடியார் இருந்தது, அவர்கள் காதில் விழவில்லை. சுவாமிகள் என்ன செய்தார்? அறநூல்களின் கருத்தையெல்லாம் எடுத்து இராஜபார்ட்டின் வாயிலும் ஸ்திரீபார்ட்டின் வாயிலும் பாட்டாகவும் பேச்சாகவும் வைத்தார். வண்டியோட்டியும் வலைஞரும் உப்பளத்துப் பெண்ணும் கொட்டகையின் மணல் தரையில் உட்கார்ந்து, இரவெல்லாம் விழித்து, தமிழ் கேட்டார்கள். மறுநாள் வேலையில் அதே பாட்டைப் பாடினார்கள். பள்ளிக்கூடம் மறுத்த பாடத்தைக் கொட்டகை கொடுத்தது!

குறையும் உண்டு; மறைக்க வேண்டியதில்லை. கணவனே தெய்வம் என்று பெண்ணை ஓர் எல்லைக்குள் நிறுத்தும் கதைகள் அவர் நாடகங்களில் பல. விதி என்று சொல்லித் துயரத்தை ஏற்கச் செய்யும் கதைகளும் உண்டு. காலத்தின் எல்லை அது. அந்தக் கதைகளை நாம் இன்று அப்படியே ஏற்க வேண்டியதில்லை. ஆனால் அவர் கட்டிய மேடையை ஏற்கலாம். அந்த மேடைமேல் ஏறி நின்றுதான் பின்னால் வந்தவர்கள் வேறு கதை சொன்னார்கள்.

பாலர் சபை பிறந்த கதை

சுவாமிகளின் வாழ்வில் பெரிய திருப்பம் 1918. அன்று அவருக்கு 51 வயது.

அதற்கு முன்பு அவர் கண்ட நாடக உலகம் எப்படி இருந்தது? பெரிய நடிகர்கள் பாடத்தை மதிக்கவில்லை. எழுதிக் கொடுத்ததை விட்டுவிட்டு வாய்க்கு வந்ததைப் பேசினார்கள். போட்டிப் பாட்டு, போட்டிப் பேச்சு, கதை எங்கோ போகும். முன்பணம் வாங்கிக்கொண்டு வராமல் போவார் ஒருவர். குடித்துவிட்டு வருவார் இன்னொருவர். ஆசிரியர் எழுதியது ஒன்று. மேடையில் நடப்பது ஒன்று. சுவாமிகள் நொந்தார். முற்றிய மரத்தை வளைக்க முடியாது. நாற்றை நடுவோம் என்று முடிவு செய்தார். சிறுவர்களைக் கொண்டு நடத்தப்பட்ட ஜெகன்னாத அய்யரின் சபையில் ஆசிரியராக இருந்து சிறுவர்களின் திறமையைக் கண்ணால் கண்டவர் அவர். 1918 ஆம் ஆண்டு மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையைத் தோற்றுவித்தார்.

பெயரைப் பாருங்கள். கம்பெனி என்று வைக்கவில்லை. வித்துவ பால சபை என்று வைத்தார். சிறுவர்களை வித்துவான்களாக்கும் சபை! டிக்கெட் விற்று நாடகம் நடத்தினார்கள் என்பது உண்மைதான். அந்தப் பணத்தில்தான் அத்தனை பேருக்கும் உலை கொதிக்க வேண்டும். ஆனால் சபையின் உயிர் வசூலில் இல்லை, பாடத்தில் இருந்தது. பணம் சேர்த்தவர் என்ற பெயர் சுவாமிகளுக்கு எந்நாளும் இருந்ததில்லை. மனைவி இல்லை, மக்கள் இல்லை. சபைப் பிள்ளைகளே அவர் பிள்ளைகள்.

யார் அந்தப் பிள்ளைகள்? சீமான் வீட்டுப் பிள்ளைகளா? இல்லை. சீமான் வீட்டுப் பிள்ளையை யார் கூத்தாட அனுப்புவார்? வறுமையிலே வாடிய வீட்டுப் பிள்ளைகள். தகப்பன் இல்லாத பிள்ளைகள். ஒரு வாய் குறைந்தால் போதும் என்று தாய் கண்ணீரோடு அனுப்பிவைத்த பிள்ளைகள். அங்கே மூன்று வேளைச் சோறு, உடுக்கத் துணி, கொஞ்சம் சம்பளம். அதற்கு மேல் ஒன்று — கல்வி! விடிந்தால் பாட்டுப் பாடம். சுருதியோடு சேர்ந்து பாட வேண்டும். தாளம் தப்பக் கூடாது. பிறகு வசனப் பாடம். லகரமும் ழகரமும் ளகரமும் தனித்தனியே தெறிக்க வேண்டும். வெண்பாவை வெண்பாவாகச் சொல்ல வேண்டும். விருத்தத்தை விருத்தமாகப் பாட வேண்டும். ஒத்திகை. இரவில் நாடகம்.

டி. எஸ். கண்ணுசாமிப் பிள்ளை ஸ்திரீபார்ட் போட்டுப் பெயர் பெற்ற நடிகர். அவர் மக்களான சங்கரன், முத்துசாமி, சண்முகம் ஆகியோர் அந்த 1918 இலேயே சபையில் சேர்ந்தார்கள். சண்முகத்துக்கு வயது 6! அந்த ஆறு வயதுக் குழந்தைதான் பின்னாளில் அவ்வையாராக வேடம் தாங்கி அவ்வை சண்முகம் என்று பெயர் பெற்ற டி. கே. சண்முகம். அந்தச் சிறுவனுக்கென்றே சுவாமிகள் அபிமன்யு சுந்தரி நாடகத்தை எழுதினார். எவ்வளவு நாளில்? ஒரே இரவில்! மாலையில் ஏடெடுத்து உட்கார்ந்தவர், பாட்டும் வசனமுமாக முழு நாடகத்தையும் விடிவதற்குள் முடித்தார். டி. கே. சண்முகம் தம் நாடக வாழ்க்கை நூலில் இதையெல்லாம் நன்றியோடு எழுதிவைத்திருக்கிறார். பெரியவர் ஒருவர் ஆறேழு வயதுப் பிள்ளையின் குரலையும் மூச்சையும் அளந்து, அதற்கேற்ற பாட்டை இரவெல்லாம் விழித்து எழுதினார் என்றால், அவர் வாத்தியாரா? தாய் என்றே சொல்ல வேண்டும்.

ஆனாலும் பாய்ஸ் கம்பெனி வாழ்க்கை பூப்பந்தல் அல்ல. பொதுவாக அந்நாளைய கம்பெனிகளில் அடி உண்டு. ஒப்பந்தம் என்ற விலங்கு உண்டு. ஊருக்குப் போக அனுமதி எளிதில் கிடைக்காது. இரவெல்லாம் விழிப்பு. பள்ளிப் படிப்பு இல்லை. பதினாலு, பதினைந்து வயதில் மகரக்கட்டு வந்து குரல் உடைந்தால், பாடிப் புகழ் பெற்ற பிள்ளையின் கதி என்ன ஆகுமென்று யாருக்கும் தெரியாது. எத்தனையோ சிறுவர்கள் அப்படிக் குரலோடு வாழ்வும் உடைந்து போனார்கள். அவர்கள் பெயர் எந்த நூலிலும் இல்லை. புகழ் பெற்றவர்களை மட்டும் எண்ணி அந்தப் பிள்ளைகளை மறந்தால் நாம் நீதி சொன்னவர்கள் ஆகமாட்டோம். குழந்தையின் உழைப்பில் எந்தக் கலையும் வாழக் கூடாது என்பது இன்று நாம் கற்ற பாடம். சுவாமிகளிடமிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது அந்த ஒப்பந்தமல்ல, அந்தக் கற்பித்தல்.

விதை மரமானது

சபை ஊர் ஊராகச் சென்றது. 1921 ஆம் ஆண்டில் சுவாமிகளைப் பக்கவாதம் தாக்கியது. இடியாக முழங்கிய குரல் அடங்கியது. பாட்டைப் பொழிந்த நாக்கு பேச முடியாமல் தவித்தது. எழுதிய கை அசைய மறுத்தது. ஆயினும் சபையை விட்டு அவர் பிரியவில்லை, பிள்ளைகளோடுதான் இருந்தார். தாம் எழுதிய பாட்டைப் பிள்ளைகள் பாடக் கேட்டு, திருத்த வேண்டிய இடத்திலும் திருத்தச் சொல்ல முடியாத நிலை! ஆசிரியருக்கு இதைவிடக் கொடுமை உண்டா? 1922 ஆம் ஆண்டு நவம்பர் 13 ஆம் நாள், பாண்டிச்சேரியிலே, தம் 55 ஆம் வயதில் கண்மூடினார். அங்கே கருவடிக்குப்பத்தில் அவர் உடல் அடக்கம் செய்யப்பட்டது. ஆண்டுதோறும் நாடகக் கலைஞர்கள் அங்கே கூடிக் குருபூசை செய்கிறார்கள்.

ஆசிரியர் போனார். பாடம் போகவில்லை. எண்ணிப் பாருங்கள்:

1925 ஆம் ஆண்டு மார்ச் 31 இல் டி. கே. எஸ். சகோதரர்கள் மதுரை ஸ்ரீ பால ஷண்முகானந்த சபாவைத் தொடங்கினார்கள். நாகர்கோவில் ஒழுகினசேரியில் வறுமையில் பிறந்த ஒரு பையன் அதில் சேர்ந்தான். அவன்தான் சிரிக்கவைத்துச் சிந்திக்கவைத்த கலைவாணர் என். எஸ். கிருஷ்ணன்! புராணம் பாடிய மேடையிலே குமாஸ்தாவின் பெண்ணின் கண்ணீரும் ஏழையின் குமுறலும் சமூக நாடகமாக ஏறின.

சிறுவர் சபைகள் நாடெங்கும் எழுந்தன. ஜெகன்னாத அய்யர் கம்பெனியில் வளர்ந்தவர் எம். ஆர். ராதா. மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனியில் சோற்றுக்காகச் சேர்ந்த சிறுவன் எம். ஜி. ராமச்சந்திரன், 1977 இல் தமிழ்நாட்டின் முதலமைச்சரானார். யதார்த்தம் பொன்னுசாமிப் பிள்ளை கம்பெனியில் சேர்ந்த சிறுவன் உலகறிந்த சிவாஜி கணேசன் ஆனார். கல்லூரி வாசலை மிதிக்காத இவர்களுக்குப் பல்கலைக்கழகம் எது? நாடகக் கம்பெனிதானே!

இன்னொருவரை மறக்க முடியுமா? சவரத் தொழிலாளர் குடும்பத்தில் பிறந்த திருமங்கலம் விசுவநாததாஸ். சுவாமிகளின் வள்ளி திருமணத்தில் முருகன் வேடம் போட்டு மேடையேறுவார். முருகன் பாட வேண்டிய இடத்தில் விடுதலைப் பாட்டுப் பாடுவார். வெள்ளையரைக் கொக்குக் கூட்டமாக உருவகித்துப் பாடுவார். நாடகங்களை அடக்கவென்று 1876 இலேயே சட்டம் போட்டிருந்தது அந்நிய அரசு. போலீஸ் கொட்டகை வாசலில் காத்திருக்கும். நாடகம் முடியும், கைவிலங்கு பூட்டப்படும். வெளியே வருவார், மறுபடி அதே பாட்டு! 1940 டிசம்பர் 31 இரவு சென்னையில், வள்ளி திருமண மேடையில், முருகனாக மயில்மீது அமர்ந்து பாடிக்கொண்டிருந்தபடியே உயிர் நீத்தார். சாதி அவரைக் கீழே தள்ளியது. கலை அவரை மேலே தூக்கியது. அந்த உயரத்தில் நின்று அவர் நாட்டுக்காகப் பாடினார். உப்புக் கணக்கர் எழுதிய நாடகம் ஒன்று விடுதலைப் போரின் மேடையாயிற்று என்றால், கலை வெறும் பொழுதுபோக்கு என்று யார் சொல்லத் துணிவார்?

நமக்கு என்ன வேலை?

வெளிநாட்டில் ஒரு செய்தி. தென்னமெரிக்காவில் வெனிசுவேலா என்றொரு நாடு. அங்கே ஹோசே அந்தோனியோ அப்ரூ என்றொரு பொருளாதார அறிஞர், 1975 இல் ஒரு சிறு கூட்டத்தோடு இசைப் பயிற்சி தொடங்கினார். சேரிப் பிள்ளையின் கையிலும் வயலின் கொடுக்க வேண்டும் என்பது அவர் எண்ணம். பிறகு அரசே பொருளுதவி தர, இலட்சக்கணக்கான ஏழைப் பிள்ளைகள் அதில் பயின்றார்கள். உலகமே வியந்து பார்த்தது. வியக்கட்டும், நாமும் பாராட்டுவோம். ஆனால் அதற்கு 57 ஆண்டு முன்பே, அரசின் காலணா உதவியும் இல்லாமல், ஆர்மோனியப் பெட்டியையும் ஏட்டையும் மட்டும் நம்பி, மதுரையிலே ஏழைப் பிள்ளைகளுக்கு இசையும் நடிப்பும் தமிழும் கற்பித்தவர் நம் ஊர்க்காரர் என்பதை நம் பிள்ளைகளுக்கு நாம் சொல்லியிருக்கிறோமா?

சிலை வைத்தோம், மதுரையில் நிற்கிறது. பெயர் வைத்தோம், புதுவைப் பல்கலைக்கழகத்தின் நிகழ்கலைப் பள்ளி அவர் பெயரைத் தாங்குகிறது. சென்னையில் நடிகர் சங்கத்துக் கலையரங்கத்துக்கும் அவர் பெயரைத்தான் வைத்தார்கள். நல்லதே. ஆனால் சிலைக்கு மாலை போடுவது ஒரு நாள் வேலை. அவர் செய்த வேலையோ நாள்தோறும் செய்ய வேண்டியது.

அந்த வேலையின் அடிப்படை மூன்று. ஒன்று: ஏழைப் பிள்ளைக்குக் கலை வராது என்பது பொய், வாத்தியார் வராததுதான் குறை. இரண்டு: கற்பிப்பவன் தன் மேதையைக் காட்டக் கூடாது, பிள்ளையின் குரலை அளந்து பாட்டெழுத வேண்டும். மூன்று: நல்ல தமிழ் ஏழைக்குப் புரியாது என்று எண்ணி மட்டமானதைக் கொடுக்கக் கூடாது. சுவாமிகள் வெண்பாவைக் கொடுத்தார், வண்டிக்காரர் வாங்கிக்கொண்டார். மக்களை மட்டமாக எண்ணுகிறவன்தான் மக்களுக்கு மட்டமானதைக் கொடுப்பான்.

தோழர்களே! திரேஸ்புரத்தில் சங்கு குளிக்கிறவர் மூச்சடக்கி அடியிலே போகிறார். அந்த மூச்சுக்கு உரிய பிள்ளைக்குப் பாட வராதா? உப்பு வாரும் தாய் தாளம் தப்பாமல் கால் வைக்கிறாள். அவள் மகளுக்கு ஆட வராதா? வரும். கேட்பாரில்லை, அவ்வளவுதான். தொழிற்சங்கக் கட்டடத்தில் மாலைநேரம் ஓர் அறை காலியாகத்தானே கிடக்கிறது? படிப்பகத்தில் ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் கிடைக்காதா? பாட்டுத் தெரிந்த வாத்தியார், நாடக மேடை கண்ட பழைய கலைஞர் ஊரில் ஒருவராவது இல்லாமலா போய்விட்டார்? ஓர் ஆர்மோனியம், ஒரு மிருதங்கம், பத்துப் பிள்ளைகள் — தொடங்க இவ்வளவு போதும். பள்ளிப் படிப்பும் நடக்கட்டும், பாட்டும் நடக்கட்டும். அன்று ஒன்றை விட்டால்தான் ஒன்று கிடைத்தது. இரண்டும் கிடைக்கும்படி செய்வதே நம் காலத்தின் கடமை. அரசிடமும் கேட்போம்: நகரத்து மேட்டுத் தெருவுக்கு மட்டும் இசைப் பள்ளி போதாது, கடற்கரைக் குப்பத்துப் பள்ளிக்கூடத்துக்கும் பாட்டு வாத்தியாரை அனுப்பு என்று கேட்போம்.

24 வயதில், கையிலிருந்த வேலையை விட்டு, பழிச்சொல்லைத் தாங்கி, ஊர்ப் பிள்ளைகளைத் தம் பிள்ளைகளாக்கி வளர்த்தார் ஓர் உப்புக் கணக்கர். நாம் எதையும் விட வேண்டியதில்லை. வாரத்தில் ஒரு மணி நேரம் தந்தால் போதும்.

தருவோமா?